நீங்களே ஒரு மெயில் ஐடி போட்டுக்குங்க

“நீங்களே ஒரு மெயில் ஐடி போட்டுக்குங்க.”

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. வேலையில் இருந்தவரை அதை வெளியே காட்டிக்கொள்ள முடியாது. வாடிக்கையாளர் முன்னால் முகம் சுளிக்கக் கூடாது என்பது நம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனியில் எழுதாத சட்டம். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன், சால்வையும் போட்டுவிட்டீர்கள். இனிமேலாவது கொஞ்சம் கோபப்பட்டுக்கொள்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் மேடம் என்று கேட்டீர்கள். எந்த ஒயரை எங்கே செருகுவது என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாவிட்டாலும் போனில் பார்த்துக்கொள்வீர்கள். நான் எழுதப்போவது ஒரு கல்யாண ரவிக்கையைப் பற்றி. சிரிக்காமல் படியுங்கள்.

போன வருஷம், நான் ஓய்வு பெறுவதற்குப் பல மாதங்கள் முன்னால், எல்லார் திரையிலும் அந்த அறிவிப்பு வர ஆரம்பித்தது. பழைய விண்டோஸுக்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட் வராது, புதியதுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று. அவ்வளவுதான், பாண்டி பஜாரிலிருந்து அடையாறுவரை ஒரே களேபரம். நாம் பராமரிப்பு பார்க்கும் கடைகள் எல்லாம் ஒரே சமயத்தில் கூப்பிட்டன. “என் கம்ப்யூட்டர் இன்னையோட நின்னுடுமா மேடம்?” என்று சிலர். தூசி படிந்த கிழட்டுப் பெட்டியைக் காட்டி “இதுலயே புதுசை ஏத்திக் குடுங்க” என்று பலர். இதில் ஏறாது என்று சொன்னால், கமிஷனுக்காகப் புதுசு வாங்க வைக்கிறோம் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லிச் சொல்லியே என் தொண்டை போய்விட்டது.

உஸ்மான் சாலைப் பக்கம் ஒரு பாத்திரக் கடைக்காரர், நல்ல நேரம் பார்த்துத்தான் அப்டேட்டை ஆரம்பிக்க வேண்டும் என்றார். அவர் கடை, அவர் நம்பிக்கை, நான் குறுக்கே போகவில்லை. முக்கால்வாசி ஓடிக்கொண்டிருக்கும்போது ராகு காலம் வந்துவிட்டது. “புதுசு எதுவும் ராகு காலத்துல முடியக் கூடாது மேடம். மிச்சத்தை நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று சொல்லிக்கொண்டே எழுந்துபோய்ச் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டார். மிச்சம் என்று ஒன்று அதற்கப்புறம் இருக்கவில்லை. நான் பிளாஸ்க்கிலிருந்து காபியை ஊற்றிக் குடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

இந்தக் களேபரத்தில் கொள்ளை வியாபாரம் செய்தவர்கள் ரெடிமேட் கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரர்கள். முன்பெல்லாம் பாகம் பாகமாக வாங்கி வந்து நாமே அசெம்பிள் செய்து தருவோம். இப்போது பெட்டியைப் பிரித்து மேசைமேல் வைத்தால் வேலை முடிந்தது. அதில் தப்பே இல்லை. நானே எத்தனையோ பேருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். தப்பெல்லாம் பெட்டியைப் பிரித்த பிறகு நடக்கிறது.

புதிய விண்டோஸ் போட்டு வரும் மெஷினை முதல் தடவை ஆன் செய்ததும் அது ஒரு மெயில் ஐடி கேட்கும். கொடுத்தவுடன், நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், உள்ளே இருக்கும் டிஸ்க்கைப் பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டுக்கான சாவி ஒரு நீளமான எண். அதை அந்த மெயில் கணக்கிலேயே பத்திரமாகப் போட்டு வைக்கும். சாதாரண நாட்களில் பூட்டு இருப்பதே தெரியாது. என்றைக்காவது ஒரு அப்டேட்டுக்குப் பிறகு அதற்குச் சந்தேகம் வந்துவிட்டால் மட்டும் நீலத் திரையைக் காட்டி, சாவியைக் கொடு என்று நிற்கும். மெயில் ஐடி உங்களுடையதாக இருந்தால் கவலையில்லை. ஆனால் நம் ஊரில் எத்தனை பேர் தங்கள் ஐடியைக் கொடுக்கிறார்கள்? “நீங்களே ஒண்ணு போட்டுக்குங்க” என்று சொல்லிவிட்டு, வந்தவருக்கு ஜூஸ் வாங்கிவரப் போய்விடுவார்கள்.

ஸ்டெல்லாவும் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

ரங்கநாதன் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில், கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடை வைத்திருப்பவள் ஸ்டெல்லா. வீடு பெசன்ட் நகரில், கடலோரக் குப்பத்தில். கணவர் கடலுக்குப் போகிறவர். ரவிக்கையில் போடும் வேலைப்பாட்டை அவளே கம்ப்யூட்டரில் வரைவாள். அதைப் பென் டிரைவில் ஏற்றித் தையல் மெஷினில் செருகினால் மெஷின் தைத்துவிடும். கீழ்த்தளத்துத் துணிக் கடை நம் வாடிக்கையாளர் என்பதால், எனக்கும் அவளுக்கும் மாடிப்படிப் பழக்கம். ஒரு வியாழக்கிழமை காலையில் கீழ்க்கடைக்கு வந்திருந்த என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே போனாள்.

“இன்னாக்கா இது? காலைல என்னமோ அப்டேட்டுன்னுச்சு, சரின்னு அமுக்கினேன். இப்ப நீலக் கலருல நம்பர் கேட்டுகினு கீது. பேங்க் நம்பரா போடணும்?”

திரையைப் பார்த்ததுமே அந்தப் பூட்டுதான் என்று தெரிந்துவிட்டது. “இதை யார் செட் பண்ணிக் கொடுத்தது?” என்று கேட்டேன்.

“மாசக்கணக்காச்சுக்கா. வாங்கின கடைல இருந்து ஒரு சார் வந்தாரு. மெயில் ஐடி சொல்லுன்னாரு. எனக்கு இன்னாத்துக்கு மெயிலு? நீயே ஒண்ணு போட்டுக்கோ நைனான்னு சொன்னேன். டக்குனு போட்டுக் குட்துட்டு, நான் வாங்கியாந்த ஜூஸைக் குட்ச்சுட்டு அவரு பாட்டுக்குப் போய்க்கினே இருந்தாரு.”

“பழைய கம்ப்யூட்டர் எங்கே?”

“எக்ஸ்சேஞ்சுல எட்துகினாங்க.”

“பென் டிரைவ்ல டிசைன் இருக்குமே?”

“அதெல்லாம் வெச்சுக்க மாட்டேன்க்கா. தைச்சு முட்சதும் பென் டிரைவையும் மெஷினையும் காலி பண்ணிடுவேன். இந்தச் சந்துல அத்தினி பேரும் இதே தொழிலு. டிசைனத் திருடினு பூடுவானுங்க.”

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துக் கடைக்காரன் திருடிவிடுவான் என்று பென் டிரைவைத் துடைத்துத் துடைத்து வைத்தவள், மொத்தக் கடையின் சாவியையும் முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுத்து, ஜூஸும் வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் அவள் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ரவிக்கையை எடுத்துப் பிரித்தாள்.

சந்தன நிறப் பட்டு. முதுகில் திராட்சைக் கொடியும் கோதுமைக் கதிரும் தங்க நூலில் ஓடி, இடது கைமுட்டி வரைக்கும் இறங்கியிருந்தன. வலது கை வெறும் துணியாக இருந்தது.

“எங்க அண்ணன் பொண்ணுக்கு. திங்கக்கிழமை மாதா கோயில்ல கல்யாணம். அத்தை என் கையால போட்டுத் தர்றேன்னு குப்பம் முழுக்கச் சொல்லி வெச்சுகீறேன். ஒரு கை ஆயிடுச்சுக்கா. இன்னொரு கை இதுக்குள்ள கீது. இது மட்டும் இல்ல, நான் கடை வெச்ச நாள்லேருந்து வரைஞ்ச அத்தனையும் இதுக்குள்ளதான் கீது.”

அவள் அழவில்லை. நீலத் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நம் குழுவிலேயே ஒருவருக்குப் போன் செய்து நிலைமையைச் சொன்னேன். பெயர் எழுத மாட்டேன், இதைப் படித்துக்கொண்டிருப்பார். “ஃபார்மட் அடிச்சுக் குடுத்துடலாமா மேடம்?” என்றார். தலைவலி என்றால்கூட ஃபார்மட் அடிக்கச் சொல்லும் ஆட்கள் நாம். ஃபார்மட் அடித்தால் மெஷின் வேலை செய்யும், ஸ்டெல்லாவின் வேலை இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

கம்ப்யூட்டர் விற்ற கடைக்கு நேரில் போனேன். முதலாளி குளிர்ச்சியாகப் பேசினார். “ஹார்ட்வேர்ல ஏதாவதுன்னா சொல்லுங்க மேடம், உடனே மாத்தித் தர்றோம். இது சாஃப்ட்வேர். கஸ்டமர் பொறுப்பு.” செட் செய்து கொடுத்தவர் யார் என்று கேட்டேன். தணிகாசலம் என்று ஒருவர், வேலையை விட்டுவிட்டு ஓசூர் போய்விட்டார். கடையில் அவருக்கு ‘ஸ்பீடு’ என்று பட்டப்பெயராம். நம்பரை வாங்கிக்கொண்டு, ஸ்டெல்லா கடைக்குத் திரும்பி வந்து கூப்பிட்டேன்.

பட்டப்பெயர் சும்மா வரவில்லை என்று பேச ஆரம்பித்ததும் புரிந்துவிட்டது. “மேடம், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா ஐடி கிரியேட் பண்ணிக்கிட்டு உக்காந்திருந்தா வேலைக்கு ஆகுமா? எல்லாருக்கும் ஒரே ஐடிதான். என்னோடது” என்றார். சொல்லும்போது குரலில் பெருமை வேறு. பாஸ்வேர்டு வேண்டுமே என்றேன். மளமளவென்று சொல்லிவிட்டார். “தாராளமா உள்ள போய் எடுத்துக்குங்க மேடம்” என்று அனுமதியும் கொடுத்தார். நான் யார், எதற்குக் கேட்கிறேன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. காரியம் ஆகிறதே என்று சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

பாஸ்வேர்டு சரியாகத்தான் இருந்தது. ஆனால் புதிய இடத்திலிருந்து திறப்பதால், பதிவு செய்த போன் நம்பருக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறேன் என்றது கணக்கு. தணிகாசலத்தை மறுபடி கூப்பிட்டேன்.

“அது கடை குடுத்த சிம் மேடம். வேலையை விடும்போது திருப்பிக் குடுத்துட்டேனே” என்றார்.

கடைக்காரரைக் கூப்பிட்டால், “ஆளே போயிட்டாரு, அந்த சிம்முக்கு எதுக்கு மேடம் ரீசார்ஜ் பண்ணணும்?” என்றார். மாதக்கணக்காக ரீசார்ஜ் செய்யாமல் கிடந்த நம்பர் வேறு யாருக்கோ போய்விட்டது. வேறு நம்பருக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று பார்த்தேன். மாற்றலாம், ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். திங்கட்கிழமை கல்யாணத்தை ஒரு மாதம் தள்ளிப் போடச் சொல்லி மாதா கோயிலில் போய் நிற்க முடியாது. சரி, அந்த நம்பரை இப்போது வைத்திருப்பவரையே கேட்டுவிடலாம் என்று கூப்பிட்டேன்.

எடுத்தது ஒரு மாமி. நான் வாயைத் திறந்து சொன்னதை நீங்களே கேளுங்கள். “வணக்கம்மா, நான் கம்ப்யூட்டர் கம்பெனிலேருந்து பேசறேன். இப்போ உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும்.” சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. ஊரை ஏமாற்றுகிறவர்கள் பேசுவதை ஒரு எழுத்துப் பிசகாமல் நானும் பேசியிருக்கிறேன்.

“வந்தது, வந்தது. ஓடிபியைச் சொல்லணுமாக்கும்?” என்றார் மாமி. “இந்த சிம் வாங்கினதுலேருந்து எவனாவது கூப்பிட்டு, கம்ப்யூட்டர் நீலமாயிடுத்து, சார் இருக்காரான்னு கேட்டுண்டே இருக்கான். இன்னிக்கு நீங்க ஓடிபியே கேக்கறேள். நன்னா முன்னேறிண்டு வரேள். இன்னொரு தரம் கூப்பிட்டா போலீஸ்ல சொல்லிடுவேன்.”

வைத்துவிட்டார். எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. காலையிலிருந்து நான் பேசியவர்களில் ஒழுங்காக நடந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான். யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதீர்கள் என்று நாமே வருஷக்கணக்காக வாடிக்கையாளர்களிடம் கத்திக்கொண்டிருக்கிறோம். ஒருவர் காதில் விழுந்திருக்கிறது, அது இந்த நேரம் பார்த்து என் குறுக்கே வந்து நிற்கிறது.

இப்போது நான் சொல்லவந்த இடம். நம் குழுவின் அதே ஃபார்மட் ஆள், போனில் நடந்ததைக் கேட்டுவிட்டு, உதவி செய்கிற எண்ணத்தோடுதான் சொன்னார். “வேற நம்பர்லேருந்து நான் கூப்பிடறேன் மேடம். உங்க சிம் இன்னைக்கு கட் ஆகப்போகுது, கேஒய்சி பண்ணணும்னு சொன்னா பயந்துபோய்ச் சொல்லிடுவாங்க. ஒரு நிமிஷ வேலை. நல்ல காரியத்துக்குத்தானே?”

நடந்திருக்கும். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஸ்டெல்லா எதிரில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ரவிக்கை அவள் கையில் இருந்தது. ஒரு பொய் சொன்னால் வலது கை வந்துவிடும். ஆனால் அந்த மாமி அடுத்த தடவை யாரையும் நம்ப மாட்டார், அல்லது எல்லாரையும் நம்பிவிடுவார். இரண்டில் எது நடந்தாலும் பாவம் நம் தலையில். அதைவிட முக்கியம், ஒரு பூட்டை ஏமாற்றித் திறந்து பழகிய கை அப்புறம் சும்மா இருக்காது. “வேண்டாம்” என்றேன். அவருக்கு என்மேல் வருத்தம். ஸ்டெல்லாவுக்கு வருத்தம் இல்லை, பயம்.

“இன்னாக்கா, அப்ப அவ்ளோதானா?”

“கொஞ்சம் பொறு” என்று சொல்லிவிட்டு மாமிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி எழுதினேன். என் பெயர், கம்பெனியின் பெயர், விலாசம். நடந்தது முழுவதும். ரவிக்கையின் படம். கடைசியில் இப்படி: ‘ஓடிபியை எங்களிடம் சொல்ல வேண்டாம். போனைக் காட்டவும் வேண்டாம். நீங்கள் சொல்லும் இடத்துக்கு, நீங்கள் நம்புகிற ஆள் முன்னிலையில், நாங்கள் கம்ப்யூட்டரோடு வருகிறோம். பிடித்திருந்தால் நீங்களே உங்கள் கையால் போடுங்கள். இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடுகிறோம்.’

சாயங்காலம்வரை பதில் இல்லை. ஸ்டெல்லா காகிதத்தில் வலது கையை மறுபடி வரைந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இடதுடன் ஒத்துப்போகாது என்று அவளுக்கே தெரிந்திருந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாமியிடமிருந்து ஒரு வரி வந்தது. மறுநாள் காலை, மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு பேங்க் பெயரைப் போட்டு, மேனேஜர் வந்த பிறகு வரவும் என்று.

வெள்ளிக்கிழமை போனோம். மாமி நாங்கள் வருவதற்கு முன்பே வந்து, வாசல் செக்யூரிட்டியைக் கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே சுவரில், ஓடிபியை யாரிடமும் பகிராதீர்கள் என்று ஆளுயர போஸ்டர். அதற்கு நேர் கீழேதான் எங்களுக்கு இடம் போட்டிருந்தார். மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து, “மாமி, யாருக்கும் ஓடிபி சொல்லாதீங்க” என்று தன் பங்குக்குச் சொன்னார்.

“நான் ஏன் சொல்லப்போறேன்? நீங்க பாத்துண்டே இருங்கோ” என்ற மாமி, ஸ்டெல்லாவிடம் கையை நீட்டினார். “அந்த ரவிக்கையைக் குடும்மா.”

வாங்கி, முன்பக்கத்தைச் சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்பக்கத்தைத் திருப்பினார். தையலின் பின்புறத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். “வெளிப்பக்கம் பளபளன்னு யார் வேணா போடலாம். உள்ள ஒரு நூல் தொங்கலை பாருங்கோ. ஏமாத்தறவா இவ்வளவு மெனக்கெட மாட்டா” என்று செக்யூரிட்டியிடம் சொன்னார். அவர் எதற்கும் இருக்கட்டும் என்று தலையாட்டினார்.

தணிகாசலத்தின் பாஸ்வேர்டைப் போட்டுவிட்டு என் லேப்டாப்பை மாமி மடிக்கு நகர்த்தினேன். ஓடிபி வந்தது. மாமி போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். “நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்கோ.”

திரும்பிக்கொண்டோம். மேனேஜரும் திரும்பிக்கொண்டார். ஒவ்வொரு எண்ணாக மாமி தேடித் தேடித் தட்டும் சத்தம் கேட்டது. நேரம் கடந்துவிட்டது என்று கணக்கு அதை ஏற்கவில்லை. மறுபடி அனுப்பச் சொன்னோம், மறுபடி திரும்பிக்கொண்டோம். எரிச்சலில் நான் போஸ்டரையே மூன்று தடவை படித்துவிட்டேன். இரண்டாவது தடவை திறந்தது.

“நான் யார்கிட்டயும் சொல்லலை. நானே போட்டேன். சரிதானே?” என்று மேனேஜரைக் கேட்டார் மாமி. அவர் என்ன சொல்வார், பாவம்.

திரையைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘ஸ்டெல்லா எம்பிராய்டரி’ இருந்தது. அதற்கு மேலும் கீழும், ‘அடையாறு டென்டல்’, ‘மந்தைவெளி ஆடிட்டர்’, ‘வேளச்சேரி டியூஷன்’ என்று இறங்கிக்கொண்டே போனது. ஸ்பீடு செட் செய்த அத்தனை மெஷின்களின் சாவியும் அங்கே வரிசையாகத் தொங்கின. ஸ்டெல்லாவின் எண்ணை மட்டும் அவள் கையாலேயே எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு மற்றதை மூடினேன்.

மாமி பார்த்துவிட்டிருந்தார். “மத்ததெல்லாம் யாருது?” என்றார். சொன்னேன்.

“அப்போ என்னைக் கூப்பிட்டுண்டிருந்தாளே, கம்ப்யூட்டர் நீலமாயிடுத்துன்னு, அவாள்ளாம் இவாதானா? நான் திட்டி வெச்சுட்டேனே.”

“உங்க மேல தப்பில்லை மாமி. இந்தக் கணக்குலேருந்து உங்க நம்பரை எடுத்துட்டு, ஓடிபி வேற யாருக்காவது போற மாதிரி மாத்திடலாம், உங்களுக்குத் தொந்தரவு இருக்காது.”

“யாருக்கு?”

கேட்டவுடன் பாஸ்வேர்டைச் சொல்லிவிடும் தணிகாசலத்துக்கா? கஸ்டமர் பொறுப்பு என்று சொன்ன கடைக்காரருக்கா? எனக்கு மாற்றிக்கொள்ள எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

மாமி போனைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். “லாக்கருக்கு ஒரு சாவி பேங்க்ல, ஒரு சாவி நம்மகிட்ட. இதுவும் அப்படியே இருக்கட்டும். பாஸ்வேர்டு அந்த மனுஷன்கிட்ட, ஓடிபி என்கிட்ட. ஒவ்வொருத்தரையா வரச்சொல்லுங்கோ. நான் இந்த சிம்மைத் தூக்கிப் போடலாம்னு இருந்தேன். இனிமே எப்படிப் போடறது? இவாள்ளாம் என்ன ஆவா?”

விற்றவருக்கு வராத கவலை, செட் செய்தவருக்கு வராத கவலை, வாங்கியவர்களுக்கே வராத கவலை, இந்தச் சங்கிலியில் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு மாமிக்கு வந்தது. எனக்கு அவர்மேல் மரியாதையும் மற்ற எல்லார்மேலும் எரிச்சலும் ஒரே சமயத்தில் பொங்கின. நீலத் திரை என்று இப்போதும் யாராவது அந்த நம்பரைக் கூப்பிட்டால், மாமி திட்டுவதில்லை. நம் கம்பெனி நம்பரைக் கொடுத்து அனுப்புகிறார். உங்களுக்கு வரும் அந்த அழைப்புகள் எங்கிருந்து வருகின்றன என்று இப்போது தெரிந்திருக்கும். சலித்துக்கொள்ளாமல் போய்ப் பாருங்கள். சலிப்பதற்கு நான் ஒருத்தி போதும்.

வெள்ளிக்கிழமைக்கே திரும்புகிறேன். மத்தியானம் ஸ்டெல்லா கடைக்குப் போய், அவள் எழுதிவந்த எண்ணை அவளையே போடச் சொன்னேன். மெஷின் திறந்தது. திராட்சைக் கொடி அப்படியே இருந்தது. அவள் என் தோளில் முகத்தை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பென் டிரைவில் ஏற்றித் தையல் மெஷினை ஓடவிட்டாள்.

நான் கிளம்பவில்லை. “முதல்ல உன் பேர்ல ஒரு மெயில் ஐடி. அப்புறம்தான் நான் படியிறங்குவேன்” என்றேன்.

“இன்னாக்கா, கை ஓடிகினு கீது. நீயே ஒண்ணு...” என்று ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

இதுதான் நான் உங்களிடம் கேட்பது. அந்த வாக்கியம் காதில் விழுந்ததும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். நேரம் ஆகும், அவர்கள் அலுத்துக்கொள்வார்கள், அடுத்துப் போகவேண்டிய வாடிக்கையாளர் போன் மேல் போன் போடுவார். ஆகட்டும். நம்மைவிட வேகமானவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் வேகமாகப் போட்டுக் கொடுத்ததைத்தான் நாம் இப்போது வீடு வீடாகத் திறந்துகொண்டிருக்கிறோம்.

ஸ்டெல்லா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பெயரைத் தட்டினாள், போன் நம்பரைத் தட்டினாள். பாஸ்வேர்டு கேட்கும் இடம் வந்ததும் விரலை நிறுத்தினாள். நான் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், பழக்கதோஷம். பின்னால் தையல் மெஷின் வலது கையில் முதல் கொடியை இழுத்துக்கொண்டிருந்தது.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீ கொஞ்சம் அந்தாண்ட திரும்பிக்கோக்கா.”

எத்தனை வருஷம் இந்த வேலை பார்த்திருக்கிறேன், ஒரு வாடிக்கையாளர்கூட என்னிடம் இதைச் சொன்னதில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அவள் தட்டி முடிக்கும்வரை திரும்பவே இல்லை.